ஐந்து கடல் மைலில் மூழ்கும் சட்டம்

ஆமைக்கு ஒரு துறை, வலைக்கு ஒரு துறை, பன்னிரண்டு மைலுக்கு அப்பால் இன்னொரு அரசு. நம் கடலையும் அதன் உயிர்களையும் காக்க எழுதிய சட்டங்கள் எங்கே அறுந்துபோகின்றன?

2025 ஜனவரி. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் மணலோரம் நடப்பவர்கள் வழக்கமாகத் தேடுவது ஆமையின் தடத்தை. கடலிலிருந்து ஏறி, குழி தோண்டி, நூறு முட்டை வரை இட்டு மூடிவிட்டுத் திரும்பும் தாய் ஆமை, மணலில் டிராக்டர் போன மாதிரி ஒரு கோடு விட்டுச் செல்லும். அந்த மாதம் தடங்களைவிடச் சடலங்கள்தான் அதிகம் தென்பட்டன. கழுத்து உப்பி, கண்கள் பிதுங்கி, ஓட்டின் விளிம்பில் தோல் உரியத் தொடங்கிய பங்குனி ஆமைகள். சிலவற்றை நாய்கள் முந்திக்கொண்டு கண்டுபிடித்திருந்தன. எண்ணியதையே மறுநாள் திரும்ப எண்ணிவிடக் கூடாதே என்று ஓட்டின்மேல் பெயின்ட்டால் ஒரு குறி. கொஞ்சம் மேடான இடம் பார்த்து ஒரு குழி. பரிசோதனைக்கு அறுத்த பெண் ஆமைகள் சிலவற்றின் வயிற்றில் முட்டைகள் அப்படியே இருந்தன.

சில வாரங்களுக்குள் சென்னையிலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலும் கரை ஒதுங்கிய ஆமைகள் ஆயிரத்தைத் தாண்டின. கரை ஒதுங்கியவைதான் இவை. நடுக்கடலில் மூழ்கிப் போனவற்றை எண்ண ஆளில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. உயர் நீதிமன்றமும் கேள்வி கேட்டது. உடற்கூறாய்வில் தெரிந்தது ஒன்றுதான்: மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன.

கடலிலேயே வாழும் பிராணி கடலில் மூச்சு முட்டிச் சாவது எப்படி? அதற்கு வலையைத்தான் பார்க்க வேண்டும்.

இழுவை மடிக்குள் மூன்று மணி நேரம்

இழுவை மடி என்பது பெரிய பை போன்ற வலை. கடலடியை உரசியபடி விசைப்படகு அதை இழுத்துப் போகும். ஒரு இழுப்பு இரண்டு, மூன்று மணி நேரம்கூட நீளும். ஆமைக்குச் செவுள் கிடையாது. நுரையீரலால் மூச்சு விடுகிற உயிர். சும்மா கிடந்தால் மணிக்கணக்கில் மூச்சடக்கும். வலையில் மாட்டி முட்டி மோதும்போது அந்தக் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. வலையை மேலே தூக்கும்போது பாதி செத்திருக்கும், மீதி மயங்கிக் கிடக்கும். மயங்கியதையும் செத்தது என்று கடலில் தள்ளிவிட்டால் அதுவும் மூழ்கிவிடும். படகின் தளத்தில் ஆமையின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஈரச் சாக்கு போர்த்தி, சில மணி நேரம் விட்டு வைத்தால் அதில் பல பிழைத்துக்கொள்ளும். இவ்வளவு எளிய முதலுதவி பல படகுகளுக்குப் போய்ச் சேரவே இல்லை.

மருந்து இதோடு நிற்கவில்லை. வலையின் கழுத்தில் சாய்வாகக் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தலாம். இறாலும் சிறு மீனும் கம்பிகளுக்கு நடுவே நழுவிப் பைக்குள் போகும். ஆமை கம்பியில் மோதி, பக்கத்திலிருக்கும் திறப்பு வழியே வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற மாதிரியை எப்போதோ வடிவமைத்துவிட்டது. மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் இதற்குப் பணமும் ஒதுக்கப்பட்டது. ஆனால் ஆமை போகிற வழியில் மீனும் போய்விடும் என்ற பயம் படகுக்காரர்களுக்கு இன்னும் தீரவில்லை.

அந்தப் பயத்துக்கு நாடு கொடுத்துவரும் விலை சின்னதல்ல. ஆமையைக் காக்காத வலையில் பிடித்த இறாலை வாங்க மாட்டேன் என்று அமெரிக்கா சொன்னபோது, இந்தியா மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்தோடு சேர்ந்து உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 1998-ல் வந்த தீர்ப்பு, அமெரிக்கா பாரபட்சம் காட்டியது தவறு என்றது. ஆமையைக் காக்க நிபந்தனை போடுவது தவறு என்று சொல்லவில்லை. 2019 முதல் நம் கடலில் பிடிக்கும் இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடிக் கிடக்கிறது. பண்ணை இறால் போகிறது, கடல் இறால் போகவில்லை. நல்ல விலை கிடைத்திருக்க வேண்டிய சரக்கு குறைந்த விலைக்கு வேறு கைக்குப் போகிறது. ஆமையைக் காக்காததற்கு மீனவரே ஆண்டுதோறும் அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதான் இதைப் பார்க்க வேண்டும்.

மனிதருக்காகப் போட்ட கோடு

இத்தனை சாவுக்கும் புதுச் சட்டம் வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. வேண்டியதில்லை. தேவையான கோடு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே போட்டாகிவிட்டது.

1970-களில் விசைப்படகுகள் பெருகியபோது கட்டுமர மீனவர்களின் வலைகள் இரவோடு இரவாக அறுபட்டன. கரைக்குக் கரை சண்டை மூண்டது, உயிர்களும் போயின. அந்தச் சூட்டில் பிறந்ததுதான் 1983-ன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். இன்று அதன்படி, கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள் விசைப்படகு இழுவை மடி போடக் கூடாது. அந்தக் கரையோரக் கடல் நாட்டுப்படகுக்கு. ஆமைகள் வரும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, அவை முட்டையிடும் கரைகளையொட்டி இதே தடையை வலியுறுத்தும் அரசாணையும் உண்டு.

ஆமையை மனதில் வைத்து அந்தக் கோடு போடப்படவில்லை. ஆனாலும் ஆமைக்கு அதைவிடப் பொருத்தமான கோடு கிடையாது. முட்டையிட வருகிற பங்குனி ஆமைகள் இணை சேர்வதும் காத்துக் கிடப்பதும் கரையை ஒட்டிய இதே கடலில்தான். இறால் படுக்கிற இடமும் இதுவே. டீசல் விலை ஏற ஏற, ஆழத்தில் மீன் குறையக் குறைய, விசைப்படகு கரைப் பக்கம் திரும்புகிறது. வந்தால் நாட்டுப்படகுக்காரரின் வலை அறுகிறது, ஆமை சாகிறது. இரண்டும் ஒரே குற்றம். ஒரே கோட்டைத் தாண்டியதால் நடப்பது. இந்த ஒன்றை நம் நிர்வாகம் புரிந்துகொண்டிருந்தால் ஆமையைக் காக்கும் வேலையில் பாதி முடிந்திருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. நாட்டுப்படகின் வலையும் ஆமையைக் கொல்கிறது. பெரிய கண்ணுள்ள திருக்கை வலையில் ஆமை சிக்குவது மீனவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆயினும் ஓரிரு வாரத்தில் நூற்றுக்கணக்கில் கரை ஒதுங்கும் சாவு, கரையோரம் கூட்டமாய் ஓடும் இழுவை மடியைத்தான் காட்டுகிறது.

பெட்டி: கடல் யாருடையது?

கரையிலிருந்து 12 கடல் மைல் (சுமார் 22 கி.மீ.) வரை ஆட்சிக்கடல். இதற்குள் மீன்பிடியை ஒழுங்குபடுத்துவது மாநில அரசு.
12 முதல் 200 கடல் மைல் வரை தனிப்பொருளாதார மண்டலம். இங்கே மீன்பிடி மத்திய அரசின் பொறுப்பு. எல்லைகளை வகுத்தது 1976-ன் கடல் மண்டலச் சட்டம்.
ஆமை, ஆவுளியா (கடற்பசு), பவளப்பாறை, கடல் அட்டை: 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வனத்துறை.
கரை, கழிமுகம், அலையாத்தி: கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள். முதலாவது 1991, இப்போது நடப்பில் உள்ளது 2019.
கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்.

ஆமை வனத்துறைக்கு, வலை மீன்வளத்துறைக்கு

பங்குனி ஆமை வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் இருக்கிறது. புலிக்குச் சமமான பாதுகாப்பு. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ஏட்டில் இதைவிடக் கடுமை தேவையில்லை. ஆனால் கரை ஒதுங்கிய சடலத்தின் மேல் எந்தப் படகு, எந்த வலை என்று எழுதியிருப்பதில்லை. வனத்துறைக் காவலர் கரையில் நிற்கிறார். குற்றம் நடப்பது கடலில், ஐந்து மைலுக்கு உள்ளே. படகைப் பதிவதும், உரிமம் தருவதும், படகு இருக்கும் இடத்தைக் காட்டும் அலைவரிசைக் கருவி (டிரான்ஸ்பாண்டர்) பொருத்துவதும், மானிய டீசல் கொடுப்பதும் மீன்வளத்துறை. அந்தத் துறையின் அன்றாட வேலை மீன் உற்பத்தியைப் பெருக்குவது. ஆமை அதன் கணக்கில் வராத உயிர். கடலோரக் காவல் குழுமம், கடலோரக் காவல் படை என்று சீருடைகள் பல இருந்தாலும் அவர்கள் தேடுவது கடத்தலையும் ஊடுருவலையும்.

தடைக்காலத்தைப் பாருங்கள். 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்; கடலுக்கே ஓய்வு. ஆமைக்கும் அது நல்லதுதானே என்று தோன்றும். தடை தொடங்கும் ஏப்ரல் 15-க்குள் பெரும்பாலான தாய் ஆமைகள் முட்டையிட்டுத் திரும்பிவிட்டிருக்கும், அல்லது செத்திருக்கும். மீன் இனப்பெருக்கத்துக்காக வகுத்த நாள்காட்டி அது.

பன்னிரண்டு மைல் எல்லையிலும் இதே இடறல். மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு 2000-ல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆட்சிக்கடலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள், பகல் நேரத்தில் மட்டும் என்று நிபந்தனைகளோடு அனுமதித்தது. மாநிலச் சட்டம் 12 மைலோடு நின்றுவிடுகிறது. மீன் அங்கே நிற்பதில்லை. வலை எங்கே போட்டது என்று துறைமுகத்தில் வந்து இறங்கும் மத்தியைப் பார்த்துச் சொல்ல முடியாது. தனிப்பொருளாதார மண்டலத்துக்கு 2025 நவம்பரில் மத்திய அரசு புது விதிகள் கொண்டுவந்தது. எல்.இ.டி. விளக்கு மீன்பிடியும், இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டை மடியும் அதில் தடை. நல்லது. ஆனால் சாவு நடப்பது கரையோர ஐந்து மைலில்.

தீவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்கள்

மன்னார் வளைகுடாவில் கதை வேறு மாதிரி. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை சிதறிக் கிடக்கும் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவசியம் இருந்தது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. வான் தீவும் கரைந்துகொண்டிருந்தது. செயற்கைப் பாறைகள் இறக்கிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. பவள வெட்டை நிறுத்தியது சட்டம்தான். அதற்கான பெருமையை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் பூங்காவின் வேலி பவளத்தை வெட்டியவர்களோடு பாசி எடுக்கிற பெண்களையும் சேர்த்துத் தள்ளியது. ராமநாதபுரம் மாவட்டக் கரையோரக் கிராமங்களின் பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுப்பவர்கள். சேலைமேல் ஆண்களின் சட்டை, கண்ணில் முகமூடிக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச்சுற்று, இடுப்பில் பாசிப் பை. மூச்சடக்கி முங்கி எழுவார்கள். மாதத்தில் சில நாட்களே கடலுக்குள் இறங்குவது, பாசி வளர இடைவெளி விடுவது என்று அவர்களே தங்களுக்குக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் அத்துமீறுகிறவர்கள். அடையாள அட்டை வேண்டும், தொழில் உரிமை வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் வனவிலங்குச் சட்டத்துக்குள்ளேயே அவர்களுக்கான வரி இருக்கிறது. ஆட்சிக்கடலின் ஒரு பகுதியைச் சரணாலயமாக்கும்போது அங்குள்ள மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்த பிறகே எல்லை வகுக்க வேண்டும் என்கிறது பிரிவு 26ஏ. கரையிலுள்ளவர்களுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டியவர்கள் எத்தனை பேர்?

கடல் அட்டை விஷயத்தில் கசப்பு இன்னும் கூடுதல். 2001-ல் அதைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்த்துப் பிடிப்பதை முழுக்கத் தடை செய்தார்கள். ராமநாதபுரத்தில் முங்கி அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்களின் தொழில் ஒரே நாளில் குற்றமாயிற்று. பாக் நீரிணையின் மறுகரையில், யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும், அதே கடல் அட்டை உரிமம் பெற்ற தொழில், பண்ணையிலும் வளர்க்கிறார்கள். இங்கே தடை, அங்கே சந்தை. நடுவில் கடத்தல் முளைக்காமல் என்ன செய்யும்? மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை மூட்டை மூட்டையாகப் பறிமுதல் நடக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1980-களின் இறுதியிலேயே தூத்துக்குடியில் கடல் அட்டைக் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டது என்பதை நினைத்தால் ஆதங்கம் கூடுகிறது. நுட்பம் நம் கையில் இருந்தும் மீனவருக்கு அதை மாற்றுத் தொழிலாக ஆக்கித் தராமல், தடையை மட்டும் கையில் கொடுத்தோம்.

வலையை அறுத்து விட்டவர்கள்

சட்டம் ஜெயித்த இடங்களும் இருக்கின்றன. குஜராத்தில் வேராவல் கரையோரம் திமிங்கலச் சுறாவை எண்ணெய்க்கும் இறைச்சிக்கும் நூற்றுக்கணக்கில் கொன்றுவந்தார்கள். 2001-ல் அது அட்டவணை ஒன்றில் ஏறியது. அதோடு விட்டிருந்தால் இங்குபோலவே ஆகியிருக்கும். 2004-ல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் வனத்துறையும் மக்களிடம் இறங்கினார்கள். ராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளைக் கொல்லலாமா என்று கேட்டார். பேச்சோடு பணமும் வந்தது: வலையை அறுத்துச் சுறாவை விட்ட மீனவருக்கு வலைக்கான நஷ்ட ஈடு. முன்பு ஈட்டி எறிந்த ஊர்களில் நூற்றுக்கணக்கான சுறாக்களை மீனவர்களே விடுவித்தார்கள்.

நம் பாக் விரிகுடாவிலும் அந்தப் பாதை தொடங்கியிருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022 செப்டம்பரில் ஆவுளியாவுக்கான பாதுகாப்புக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டில் இதுவே முதல். இந்தியக் கடலில் மிஞ்சியிருக்கும் ஆவுளியாக்கள் சுமார் 240 என்பது மதிப்பீடு. அவை மேய்வது கடற்புல். மன்னாரைப் போல இது தேசியப் பூங்கா அல்ல. மீனவரை வெளியே நிறுத்தும் வேலி இல்லை. வலையில் சிக்கிய ஆவுளியாவைக் கடலில் விட்ட மீனவர்களை மேடையேற்றிப் பாராட்டுகிறார்கள், வெகுமதி தருகிறார்கள். ஒரு காலத்தில் கறிக்காகத் தேடிப் பிடித்த அதே கரைகள் இவை.

பெட்டி: ஒரே ஆண்டு, இரண்டு கரை

2025 தொடக்கத்தில் சென்னையை ஒட்டிய கரையில் இறந்து ஒதுங்கியவை: 1,000-க்கும் மேல்.
அதே 2025 பிப்ரவரியில் ஒடிசாவின் ருஷிகுல்யாவில் முட்டையிட ஏறியவை: ஏறத்தாழ 7 லட்சம்.
ஒடிசாவில் கஹிர்மாதா கடல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது 1997-ல். ஆமைக் கரைகளையொட்டி நவம்பர் 1 முதல் மே 31 வரை, கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. அங்கும் ஆமைகள் சாகின்றன. ஆனால் தடை ஆமையின் நாள்காட்டியைப் பின்பற்றுகிறது.
தமிழக வனத்துறை பொரிப்பகங்களிலிருந்து 2024-ல் கடலில் விட்ட குஞ்சுகள்: 2 லட்சத்துக்கும் மேல். பெண் குஞ்சு தாயாகத் திரும்பிவரப் பத்தாண்டுக்கு மேல் ஆகும்.

விசைப்படகுக்காரரின் கணக்கு

எல்லாப் பழியையும் விசைப்படகின் தலையில் போட்டுவிட்டுப் போவது நியாயமில்லை. அந்தப் படகுகளைக் கடலில் இறக்கியது அரசின் மானியமும் வங்கிக் கடனும். ஏற்றுமதிக்கு இறால் வேண்டும் என்று சொன்னதும் அரசுதான். இன்று ஒரு விசைப்படகு கடலுக்குப் போய் வந்தால் டீசலுக்கும் ஐஸுக்கும் ஆள்கூலிக்கும் கட்டுப்படியாக வேண்டும். ராமேஸ்வரம் பக்கம் கடலே குறுகல். கொஞ்சம் தாண்டினால் இலங்கை எல்லை, கைது, படகு பறிமுதல். இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டம் போட்டே முற்றிலும் தடை செய்தது. நம் விசைப்படகுகளால் வலை இழந்த வடபகுதித் தமிழ் மீனவர்களின் குரலும் அதற்குப் பின்னால் இருந்தது.

அதே 2017-ல் நாமும் ஒரு வழி வகுத்தோம்: பாக் நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளைக் கைவிட்டு, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகள் கொடுப்பது. அப்போது படகு ஒன்று 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு பாதி, மாநிலம் ஐந்தில் ஒரு பங்கு, மீதி மீனவரின் கையிருப்பும் கடனும். இலக்கில் சிறு பகுதிகூட நிறைவேறவில்லை. ஒரு நாள் மடி இழுத்துக் கரை திரும்பிய குடும்பத்துக்கு, வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் தொழில் அந்நியம். கடன் சுமை அதைவிடப் பயம். மாற்றுத் தொழில் என்று அறிவித்தால் மட்டும் மாற்றம் வந்துவிடாது. பயிற்சி, சந்தை, முதல் இரண்டு ஆண்டு நஷ்டத்துக்குத் தாங்கல் எல்லாம் சேர்ந்தால்தான் மடியை விடுவார்கள்.

இதற்கிடையே மீனவரிடம் கண்டிப்பு காட்டும் அரசே கடலை வேறு கைகளுக்குத் திறந்துவிடுவதையும் கரையிலுள்ளவர்கள் பார்க்கிறார்கள். கடல் கனிமச் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டு, கடலடி மணலும் தாதுவும் ஏலத்துக்கு வந்தன. கொல்லம் கடலில் மணல் எடுப்பதற்கு எதிர்ப்புத் தெரிவித்துக் கேரள மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேடும் தொகுதி ஏலம் போனது. பாசிப் பையோடு தீவுப் பக்கம் போனால் குற்றம், துரப்பணக் கப்பலோடு போனால் வளர்ச்சி என்றால், கரையில் எந்தச் சட்டத்துக்கும் மரியாதை எப்படி மிஞ்சும்? விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்போதுதான் அதைக் காக்கச் சொல்லும் தகுதி அரசுக்கு வரும்.

வரும் டிசம்பருக்குள்

ஆமைகள் டிசம்பரிலேயே வரத் தொடங்கிவிடும். அதற்குள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. எதுவும் பெரிய வேலை அல்ல.

படகுகளில் அலைவரிசைக் கருவி பொருத்தும் பணி நடந்துவருகிறது. பொருத்திய படகு ஐந்து மைலுக்குள் மெதுவான வேகத்தில் மணிக்கணக்கில் ஓடினால் அது மடி இழுக்கிறது என்று திரையே காட்டிக்கொடுக்கும். அந்தத் திரையை வனத்துறையும் பார்க்க வேண்டும். கருவியை அணைத்து வைத்தால் அதையே மீறலாகக் கொள்ள வேண்டும். எந்தத் துறைமுகத்துப் படகுகள் எத்தனை முறை உள்ளே வந்தன என்று வாரம்தோறும் வெளியிட்டால், நாட்டுப்படகு மீனவர்களே சாட்சிக்கு வருவார்கள். வலை அறுபட்டவர்கள் அவர்கள்தானே. ஊர்ப் பஞ்சாயத்துகளோடு இதைப் பேசி முடிக்க வேண்டும். கம்பிச் சட்டத்தை இலவசமாகக் கொடுத்து, முதல் சீசனில் மீன் எவ்வளவு குறைந்தது என்று படகுக்காரரின் முன்னாலேயே எடைபோட்டுக் காட்ட வேண்டும். குறைந்ததற்கு ஈடு கொடுத்தால் அவநம்பிக்கையும் குறையும்.

மீறுகிற படகை நீதிமன்றம் வரை இழுத்து, ஆமையைக் கொன்றது அதுதான் என்று நிரூபிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. விசைப்படகின் ஓட்டத்துக்கு உயிர் மானிய டீசல். எல்லை மீறிய படகுக்கு அதை நிறுத்துவது ராமநாதபுரம் பக்கம் ஏற்கெனவே நடந்துவருவதுதான். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம், மீன்வளத்துறை அதிகாரியின் கையெழுத்து போதும்.